செல்லம்மை இடவழியின் பேரன்

அத்தான்,

இன்று காலையில் நம் இடவழியின் பெயர்ப்பலகைக்குப் புது பெயின்ட் அடித்தேன். மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தும் கையில் வாசனை போகவில்லை. சோற்றை அள்ளும்போது அது மூக்கில் ஏறியது. கூடவே நினைவில் நீங்களும் வந்துவிட்டீர்கள். 'செல்லம்மை இடவழி' என்று மேலே மலையாளம், கீழே தமிழ். பொன்முடி போகிற வண்டியெல்லாம் என் எழுத்தைப் பார்க்க நின்றுவிட்டுத்தான் போகிறது. சரி, ஒரு ஆட்டோ நின்றது.

"இவன் சொல்லுகதைப் பத்தால வகுத்துக்கிடுங்கோ" என்று என் கல்யாணப் பந்தலிலேயே பெண்வீட்டாரிடம் சொன்னவர் ஆயிற்றே நீங்கள்! என் அக்காவைக் கட்டி வலியசாலைக்குக் கூட்டிப்போனவர், கணக்கெழுதும் உத்தியோகம், வேறெப்படிப் பேசுவீர்கள்? நானோ எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன். அந்த வகுப்பை என்னளவு ஆழமாகப் படித்தவர் இந்த ஜில்லாவில் கிடையாது.

செல்லம்மை என் பூட்டி என்று நாற்பது வருஷமாக நான்தானே சொல்லிவந்தேன். அரண்மனைக்கே மோர் கொடுத்தவள், வாசலில் ஏழு யானை, கழுத்தில் முழங்கால் வரை தொங்கும் காசுமாலை. இடவழி முக்கில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லில் சாய்ந்துகொண்டு சொன்னால் கேட்பவர் வீட்டுக்குப் போக மாட்டார்.

அப்புறம் அந்தப் புது வில்லாக்காரர்கள் வந்தார்கள். இடவழிக்கு 'கிரீன் வேலி லேன்' என்று பெயர் வைக்கவேண்டுமாம். "ஆரா ஈ செல்லம்மா? ஆர்க்கும் அறியில்லெங்கில் மாற்றாம்" என்று பஞ்சாயத்து மெம்பரும் சொல்லிவிட்டார். அவளை யாருக்கும் தெரியாவிட்டால் பெயரை மாற்றிவிடலாமாம். கிராமசபைக்குப் பத்தே நாள்தான் இருந்தது. அந்தப் பெயர் போனால் நான் யார்? உங்களுக்குத்தான் போன் போட்டேன்.

முதல் பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். வில்லேஜ் ஆபீஸ், கோயில், பழைய வரிப் புத்தகம் என்று நாம் ஏறாத படி இல்லை. எல்லா ஏட்டிலும் ஆண்பிள்ளைப் பெயர்தான். "எலே மாப்ளே, உன் பூட்டிக்கு ஏழு யானை இருந்துச்சுல்லா, ஒரு யானையாவது வரி கட்டியிருக்கப்படாதா?" என்று கேட்டீர்கள். நான் சிரிக்கவில்லை.

கிராமசபையில் நான் எழுந்து பேசினேன். ஆயிரம் பேர் மூச்சுவிடாமல் கேட்டார்கள். (நீங்கள் நூறு என்பீர்கள்.) ஐந்தாவது யானைக்கு வரும்போது, பின்வரிசையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாக்கியத்தக்கா வாய் திறந்தாள்.

"எடே, நிறுத்து. சுமைதாங்கிக் கல்லு ஆருக்கு நாட்டுவாவ? வயித்துப் பிள்ளையோட செத்தவளுக்குல்லா? அந்தக் கல்லு செல்லம்மைக்கு நாட்டுனது. கெட்டினவன் மொளகு சுமக்கவன். அவ இறக்காமப் போன சுமையை நாலு பேரு இறக்கி வச்சா அவளுக்கு ஆறும்னு நாட்டிட்டு மலையேறினவன், திரும்பி வரல்ல. எங்கம்மை சொன்னது. பிள்ளையே பெறாதவளுக்குப் பேரன் எங்கருந்துடே வந்தான்?"

சிரிப்பு கூரையைத் தூக்கிவிட்டது. அத்தனை வருஷம் அவள் கல்லிலேயே சாய்ந்துகொண்டு அவளுக்குப் பேரனாகியிருக்கிறேன்! சுமைதாங்கி யாருக்கு நாட்டுவார்கள் என்பது நம் ஆட்களில் யாருக்குத்தான் தெரியாது? எனக்கு உறைக்கவில்லையே. வேட்டியால் முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஆளு ஆருன்னு தெரிஞ்சுபோச்சுல்லா?" என்று நீங்கள் எழுந்தீர்கள். "அவளுக்குன்னு சொல்ல ஒருத்தரும் இல்ல. இந்தப் பய ஒருத்தன்தான் நாப்பது வருஷமா பூட்டி பூட்டின்னு சொல்லிட்டு அலையுதான். பத்தால வகுத்தாலும் நாலு வருஷம் வருது. பேரனாக அது போதாதா?"

முதலில் கை தட்டியது பாக்கியத்தக்கா. மெம்பரும் சிரித்துக்கொண்டே, "என்னா பேரு மாற்றண்டா" என்று பழைய பெயரையே விட்டுவிட்டார்.

திரும்பி வரும்போது உங்கள் தோள்பையைக் கல்மேல் இறக்கிவைத்து மூச்சு வாங்கினீர்கள். "இனியாவது ஒழுங்கா பேரனா இரு, மாப்ளே" என்றீர்கள்.

இருக்கிறேன், அத்தான். சந்தை நாளில் மரச்சீனிக் கிழங்கை அந்தக் கல்லில் இறக்கிவைக்காமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. ஆடிக்கு ஆடி கல்லைக் கழுவி மஞ்சள் தேய்க்கிறேன். யானைகளை விற்றுவிட்டேன், இரண்டை மட்டும் வைத்திருக்கிறேன்.

இன்று பெயின்ட் காயும் முன்னே வில்லாக்காரி ஒருத்தி வந்து நின்று, செல்லம்மை உங்களுக்கு யார் என்று கேட்டாள்.

"என் பூட்டி" என்றேன்.

"யார் சொன்னா?"

"எங்க அத்தான்" என்றேன்.

அதில் ஓர் எழுத்துக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.