ஜன்னல் கம்பியில் கட்டிய குச்சி

செவ்வாய், இரவு.

கொல்லிமலையிலிருந்து லைக்கன் படர்ந்த குச்சிகளைக் கொண்டுவந்து நெய்வேலியில் ஐந்து இடங்களில் கட்டியிருந்தேன். பிரியாணிக்குப் போடும் கல்பாசியின் உறவுக்கூட்டம். வேர் கிடையாது, காற்றில் வருவதைத்தான் தின்னும். காற்று கெட்டால் முதலில் சாகும். ஆறாவது குச்சியை என் மகள் பாப்பாவின் அறை ஜன்னல் கம்பியில் கட்டினேன். நல்ல காற்றுக்கு மாதிரியாக என் குவார்ட்டர்ஸையே தேர்ந்தெடுத்த விஞ்ஞானி நான்.

இன்று பார்த்தால் மற்ற ஐந்தும் சற்று மங்கியிருக்கின்றன. எங்கள் குச்சி முழுக்க வெளுத்துவிட்டது.

"அந்தக் காஞ்ச குச்சியத் தூக்கிப் போடுங்களேன். வர்றவங்க சூனியம்னு நினைக்கப் போறாங்க" என்றாள் என் மனைவி மாலதி.

வெயில் காரணமாக இருக்கலாம் என்று நோட்டில் எழுதினேன். வேப்பமர நிழலில் அந்த ஜன்னலுக்கு வெயிலே வராது.

பாப்பாவுக்கு நான்கு வயது. இந்த மாதம் மூன்றாம் முறையாக மூச்சிளைப்பு. அவள் கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து எதிர்ச்சுவருக்கு இழுத்துப் போட்டேன், காற்று பாதி அறையோடு நின்றுவிடும் என்பதுபோல.

"எதுக்குங்க இப்ப?"

"கொசு."

"ஏன், அந்தப் பக்கம் வரத் தெரியாதா அதுக்கு?"

மாலதி குச்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பாப்பாவைத் தூக்கிவந்து எங்கள் படுக்கையில் போட்டாள். விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. பாப்பாவின் நெஞ்சில் கைவைத்தபடி இன்னும் உட்கார்ந்திருக்கிறாள்.