லேஸ் கடைக்கு 3ஜி வந்த கதை

ராயப்பேட்டை,
புதன்கிழமை, லுஹர் தொழுத பிறகு.

என் கண்ணு சஃப்வானுக்கு அம்மா நஸ்ருன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் உன் தங்கை அஃப்ராவும் இங்கே சுகம். அத்தாவின் தோள்பட்டை வலி மட்டும் வெள்ளிக்கிழமையிலிருந்து கொஞ்சம் கூடுதல், அதற்குக் காரணம் நீதான், பின்னால் சொல்கிறேன். அந்த லூதியானா குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, குல்லாயைக் கழற்றாமல், சளி பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன்.

நீ அனுப்பிய எஸ்எம்எஸ் எல்லாம் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான், வெள்ளிக்கிழமை வீடியோ கால் தானாகக் கட்டானதா, இல்லை மெஹக் கட் பண்ணிவிட்டாளா என்று. கடிதம் வருகிறது, பதறாதே என்று அஃப்ரா பதில் போட்டது நான் சொல்லித்தான், அவளைத் திட்டாதே. மெஹக் என்னிடம் ஒரு சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவள் சொன்ன பதிலை நாங்கள் யாரும் எஸ்எம்எஸ்ஸிலும் சொல்லக் கூடாதாம், கடிதத்திலும் எழுதக் கூடாதாம், அவள் கையாலேயே உன்னிடம் சொல்வாளாம். நானும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டிவிட்டேன். உன் அம்மா வாயில் ஒரு விஷயம் நிற்காது என்று இந்தத் தெருவுக்கே தெரியும், வெள்ளிக்கிழமையிலிருந்து நான் படும் பாடு சொல்லி மாளாது. ஆனால் நடந்ததை எழுதக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. நீ பார்த்தது தீப்பெட்டி அளவு படம். அந்தத் தீப்பெட்டிக்கு வெளியே கடையில் என்னென்ன கூத்து நடந்தது என்று எழுதுகிறேன், அதற்கு மேல் உன் சாமர்த்தியம்.

எதிர்வீட்டு மொட்டைமாடி டவரில் ஆட்கள் கயிறு கட்டி ஏறுகிறார்கள், பழைய பெட்டிகளை இறக்கிவிட்டுப் புதுசு மாட்டுகிறார்கள் என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா. 3ஜி வருகிறது, இனிமேல் ஃபோனிலேயே முகம் பார்த்துப் பேசலாம் என்று தெருவெல்லாம் அதே பேச்சு. மற்றவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை, சமையலறை ஜன்னலிலேயே நின்றேன். காது கேட்காத பிள்ளைக்கு ஃபோன் எதற்கு என்று நீ வேலைக்குக் கிளம்பும்போது உன் பெரியம்மா கேட்டாள், எனக்கு இன்னும் அந்தக் கோபம் இருக்கிறது. இந்த வீட்டில் ஃபோன் மணி அடித்தால் அது ஒருநாளும் நீயாக இருந்ததில்லை, அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று உனக்கு எழுதியதும் இல்லை. ப்ரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டரில் ஒரு தடவை முயற்சி பண்ணினோமே, உனக்கு ஆறு கை முளைத்து அப்படியே உறைந்து போனாய், நானும் பயந்து எழுந்து வந்துவிட்டேன். அதனால் இந்த டவரைத்தான் மலைபோல் நம்பினேன். கடைசியில் பார்த்தால் அது வேறு கம்பெனி டவராம். நம் சிம்முக்கு வீட்டில் ஒரு புள்ளி சிக்னல் இல்லை. அஃப்ரா முன்பக்கமும் கேமரா உள்ள ஃபோனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி, பால் பூத், பள்ளிவாசல் சந்து என்று அலைந்தாள். அத்தா அதைத் தி.நகருக்குக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார், ரங்கநாதன் தெரு முனையில் திரும்பியதும் மூலையில் 3ஜி என்று வந்துவிட்டதாம். லேஸும் பட்டனும் விற்கிற நம் கடைக்குள் முழு சிக்னல். அன்றைக்கு அவர் மத்தியானச் சோற்றுக்குக்கூட வீட்டுக்கு வரவில்லை, கடையிலேயே அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மெஹக் விஷயம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஐஸ் ஹவுஸ் ஏரியா ஹஸன் பாய் மகள், உன்னை மாதிரியே காது கேட்காத பிள்ளை, உன் பள்ளிக்கூடக் கைபாஷையே அவளுக்கும். முன்னால் பார்க்க வந்த ஒருவன், பேசாத பெண் வீட்டுக்கு நல்லதுதானே என்று சிரித்தானாம், எழுந்து உள்ளே போய் கதவைச் சாத்தியவள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பிடிவாதம், போட்டோ வேண்டாம், எஸ்எம்எஸ் வேண்டாம், மாப்பிள்ளை கையால் பேசுவதைப் பார்க்காமல் சம்மதம் சொல்ல மாட்டேன் என்று. உனக்கோ லீவு இல்லை. நம் வீட்டுக்கு அவளைக் கூப்பிட்டால் நிக்காஹ்வுக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதா என்று அவள் அம்மா தபஸ்ஸும் தயங்கினாள், அவர்கள் வீட்டிலோ சிக்னல் இல்லை. லேஸ் வாங்க வருகிற மாதிரி கடைக்கு வாருங்கள் என்று அத்தாதான் வழி சொன்னார். பாவம், தபஸ்ஸும் சும்மா பார்க்கிற மாதிரி நடிக்க ஆரம்பித்தவள், நிஜமாகவே தங்கக் கரை லேஸில் மயங்கிப் போய்ப் பாதி நேரம் உன்னைப் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை நீயும் நானும் ஒத்திகை பார்த்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஊரெல்லாம் ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுகிறது, நாமும் பிடித்துக்கொண்டோம். ஒரு கை ஃபோனுக்குப் போய்விட்டது, பேச்சு பாதிதான் மிச்சம். நீ சாப்பிட்டேன் என்றாயா, சண்டை போட்டேன் என்றாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உன் பக்கம் நீ தண்ணீர்த் தொட்டி மேல் செங்கல் வைத்து ஃபோனைச் சாய்த்துக்கொண்டாய். எங்கள் பக்கம் பட்டன் டப்பா மேல் சாய்த்தால் வழுக்கிக்கொண்டு விழுந்தது. அஃப்ராவைப் பிடிக்கச் சொல்லலாம் என்றால் வெள்ளிக்கிழமை அவளுக்குக் காலேஜில் பரீட்சை. கடைசியில் அத்தா, நான் புடிச்சிக்கிறேன், நீங்க பேசுங்க என்று சொல்லி இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள்பட்டை வலி வந்தது அதனால்தான்.

இனி நீ பார்த்ததற்கெல்லாம் அர்த்தம் சொல்கிறேன். முதலில் மெஹக் உன் முகத்தைப் பார்த்ததும் துப்பட்டாவைச் சரி செய்தாளே, அதற்குள் அது பத்தாவது தடவை, நான் எண்ணினேன். அப்புறம் நீங்கள் பேச ஆரம்பித்ததும் நான் ஒதுங்கிக்கொண்டேன், அவ்வளவு வேகம், எனக்குப் பாதிதான் பிடிபட்டது. நடுவில் திடீரென்று படம் முழுக்க ஒரு மீசை வந்ததே, அது பக்கத்துப் பாத்திரக்கடை பொன்ராஜ் அண்ணாச்சி. பாய், உள்ள என்ன படம் ஓடுது, எங்களுக்குக் காட்டப்படாதா என்று வந்தவர் உன்னைப் பார்த்ததும், தம்பி சொகமா இருக்கியளா என்று ஃபோனுக்குள் கத்தினார். உனக்குக் கேட்டிருக்காது, பனகல் பார்க் வரைக்கும் கேட்டிருக்கும். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் உனக்கு வெறும் பட்டன் டப்பாவாகத் தெரிந்ததே, அது ஒரு அம்மா வாசலில் நின்று, இன்னா பாய், எவ்ளோ நேரமா கேட்டுக்கினு கீறேன், ஜிப்பு கீதா இல்லியா என்று அதட்டியதால்தான். வருஷக்கணக்கான பழக்கம், ஜிப் என்ற சொல் காதில் விழுந்ததும் அத்தா உன்னையும் கையில் வைத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பிவிட்டார். மெஹக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அதை நீ பார்க்காமல் போனதுதான் எனக்கு வருத்தம். அந்த அம்மாவும் விஷயம் தெரிந்ததும் ஜிப்பை மறந்துவிட்டு ஓரமாக நின்றாள், போகும்போது மெஹக் தலையைத் தடவி, நல்லா இருப்பே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நீ திரும்பத் திரும்ப முழம் போட்டுக் காட்டினாய், அத்தா எங்கே என்று. சின்ன வயதில் அவர் கடையில் லேஸ் அளப்பதைப் பார்த்து நீ அவருக்கு வைத்த பேர் அது. நான் நேராக ஃபோனைக் காட்டினேன், நீ உன் நெஞ்சைத் தொட்டு நானா என்று விழித்தாய். உன்னை இல்லையடா, உன்னைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரைக் காட்டினேன். அந்தக் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள், பொன்ராஜ் அண்ணாச்சி பார்த்தார், ஜிப் வாங்க வந்த அம்மாகூடப் பார்த்தாள். உன் அத்தா பார்த்தது ஃபோனின் முதுகைத்தான். இப்படித் திருப்புங்கள், ஒரு நிமிஷம் பாருங்கள் என்றேன், தலையை ஆட்டிவிட்டார். பேச்சுக்கு நடுவுல திருப்பினா அந்தப் புள்ள என்ன நெனைக்கும் என்றார்.

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன். நீ கையுறையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, விரல்கள் விறைத்துச் சிவந்து போய், அவளிடம் கேட்டாய், இந்த ஊரில் கையால் பேச ஒருவரும் இல்லை, நான் ஒருத்தன்தான், வருவாயா என்று. அது மட்டும் எனக்கு முழுசாகப் புரிந்தது. பக்கத்தில் இருந்த தபஸ்ஸுமின் கையைப் பிடித்துக்கொண்டேன். மெஹக் இரண்டு கையையும் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து ஃபோன் அணைந்து போனது. வீடியோ கால் சார்ஜை அப்படிக் குடித்துவிடுமாம், தொட்டால் இட்லித் தட்டு மாதிரி சூடு, சார்ஜர் அஃப்ராவின் பையில் காலேஜில். அவள் கட் பண்ணவில்லை. அவள் கை ஃபோன் பக்கமே போகவில்லை. இதைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் இல்லை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

அதைவிடப் பெரிய கூத்து, அணைந்ததை அவள் கவனிக்கவே இல்லை. கண்ணை ஒரு நொடி மூடிக்கொண்டு, பிறகு திறந்து, பதிலை முழுசாகச் சொல்லி முடித்தாள். கறுத்துப் போன கண்ணாடிக்கு. அதற்குப் பின்னால் உன் இடத்தில் நின்றவர் அத்தா, அந்தப் பதில் நேராக அவருக்குத்தான் போய்ச் சேர்ந்தது. கைபாஷையில் சோறு, காசு, தூக்கம் தவிர அவருக்கு ஒன்றும் ஏறாது என்று நாம் கிண்டல் பண்ணுவோமே, அன்றைக்கு எல்லாம் புரிந்தது. ஃபோனைக் கல்லாவில் வைத்துவிட்டு, யாரும் கேட்காத லேஸை எடுத்து முழம் போட ஆரம்பித்துவிட்டார். கண்ணில் தண்ணீர். விஷயம் தெரிந்ததும் மெஹக் முகத்தை மூடிக்கொண்டாள், அப்புறம் விரலிடுக்கில் என்னைப் பார்த்துச் சிரித்தாள், அப்போதுதான் சத்தியம் வாங்கினாள். கிளம்பும்போது அலமாரியில் இருந்த உல்லன் நூலைக் காட்டினாள், அந்தப் பச்சை. நான் உன் பழைய சட்டையின் கை அளவைச் சொன்னேன், அவள் தலையை ஆட்டி, சட்டை இல்லை, உள்ளங்கை அளவு வேண்டும் என்றாள். உன் கை என் கையைவிட எவ்வளவு பெரியது என்று என் கை மேல் வைத்துக் காட்டினேன்.

நேற்று அந்த நூலில் அவள் பின்னியதைப் பொட்டலமாக அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள், கடிதத்தோடு கூரியரில் அனுப்புகிறேன். பிரித்துப் பார், விரல் நுனி திறந்த கையுறை, போட்டுக்கொண்டே பேசலாம். குளிரில் உன் பேச்சு திக்குகிறதாம், அவளுக்குத்தான் அது தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. இனி கழற்றாதே. அவர்கள் ஆம்பூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறார்கள், அதனால் இந்த வெள்ளி இல்லை, அடுத்த வெள்ளி அஸர் தொழுகைக்குப் பிறகு தொட்டிப் பக்கம் போய்விடு, ஃபோனை முழுக்கச் சார்ஜ் பண்ணிக்கொள். இங்கே பொன்ராஜ் அண்ணாச்சி ஒரு எவர்சில்வர் தாங்கி தயார் பண்ணியிருக்கிறார், சார்ஜரும் கடையிலேயே இருக்கும். அந்தத் தடவை முதலில் அத்தா முன்னால் வந்து நிற்பார், உன்னை ஆசை தீரப் பார்க்கட்டும், அப்புறம்தான் மற்றவர்கள்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த வீடும் தருவானாக. வெந்நீரில் குளி, அறைக்காரப் பையன்களோடு காரசாரமாகச் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. அஃப்ரா சலாம் சொன்னாள், அத்தா முழம் போட்டுக் காட்டினார். நான் சத்தியத்தை மீறவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. பொட்டலத்தில் இரண்டு ஜோடி இருக்கும், பெரியது உனக்கு. சின்னது அவள் கை அளவு, அதை அங்கேயே உன் அலமாரியில் வைத்திருக்கச் சொன்னாள்.

துஆக்களுடன்,
உன் அம்மா
ஹ. நஸ்ருன்னிசா