இரண்டாவது ஹார்னின் சுரம்

பாரிஸ், 9 மார்ச் 1954

ஐந்து கோடு போட்ட இசைத்தாளில் சொற்களை எழுதுகிறேன். மன்னிக்க வேண்டும், வேறு தாள் இல்லை, மனம்விட்டுச் சொல்ல ஆளும் இல்லை. சேந்த் எத்தியேனில் எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு மேல் யாரும் எழுதியதில்லை. அப்பா சுரங்கத்துக்குப் போனார், நான் இசைக் கல்லூரிக்குப் போனேன். பட்டம் வாங்கி, இப்போது இசையமைப்பாளர் முசியே தெரூவ்ரேவிடம் பிரதி எடுப்பவள்.

பெயருக்குத்தான் பிரதி. வானொலியில் ஊரே முணுமுணுக்கும் அந்த வால்ட்ஸ் நடன இசைக்கு அவர் எழுதுவது மெட்டும், கீழே பியானோவின் இடக்கைக்கு நாலு சுரமும் மட்டுமே. அதை இருபத்திரண்டு வாத்தியங்களுக்கும் விரித்து எழுதுவது நான்.

இன்று ‘ஞாயிற்றுக்கிழமைப் படகு’ முடிந்தது. மெட்டு திரும்பி வருமுன் இரண்டாவது ஹார்ன் குழலுக்கு ஒரு சுரம் கொடுத்திருக்கிறேன். வயலின்களோடு ஒரு கணம் உரசிவிட்டு இறங்கும். பியானோவில் வாசித்துக் காட்டினேன்.

“அடடே, படகு கரையில இடிக்குது. அப்படியே இருக்கட்டும், நொயெலி” என்றார்.

12 மார்ச்

ஒத்திகை. 

எங்கள் வகை இசையை யாரும் எல்லா வாத்தியமும் உள்ள முழுத்தாள் வைத்து நடத்துவதில்லை. முதல் வயலினின் தாளே போதும். முசியே முன்னாலும் அது மட்டும்தான். இரண்டாவது ஹார்ன் வாசிக்கும் பொர்த்தால் கையைத் தூக்கினார்.

“முசியே, என் சுரம் வயலினோட சண்டை போடுது. இது நீங்க எழுதினதா, மத்தியானம் குடிச்ச ஒயின் எழுதினதா?”

எல்லோரும் சிரித்தார்கள். முசியே தன் தாளைப் பார்த்தார். அதில் ஹார்ன் ஏது? தலையைத் தூக்காமலே சொன்னார்: “பிரதி எடுக்கிற பொண்ணு தப்பு பண்ணிட்டா. அடிச்சிடுங்க.”

பொர்த்தால் பென்சிலால் அடித்தார். “மத்மசேல் யாரையோ நெனச்சுக்கிட்டே எழுதிட்டாங்க போல.” மறுபடியும் சிரிப்பு.

பின்வரிசையில் நான். எழுந்து நின்னு ‘தப்பில்ல’ன்னு ஒரு வார்த்தை — ஒரே வார்த்தை — சொல்ல வாய் வரலையே. என்ன படிச்சு என்ன?

30-ஆம் தேதி ஒலிப்பதிவு. என் சுரம் இல்லாமலே இசைத்தட்டில் ஏறிவிடும். பிறகு யாராலும் அதைச் சேர்க்க முடியாது.

13 மார்ச்

காலையில் “நல்லா தூங்கினியா?” என்று கேட்கிறார் முசியே. மறந்தே போய்விட்டார்.

17 மார்ச்

புது மெட்டு தந்தார், குதிரை நடை போல ஒன்று. பிரதி எடுப்பவள்தானே நான்? பிரதி எடுத்தேன். அவர் எழுதியதற்கு மேல் ஒரு சுரமும் சேர்க்கவில்லை. பாதிப் பேருக்கு மெட்டு, பாதிப் பேருக்கு இடக்கை, ஓபோ குழலுக்கு முழுக்க ஓய்வு. இது சரியா? தெரியாது. எழுதும்போது சீட்டியடித்தேன்.

22 மார்ச்

குதிரையை வாசித்தார்கள். உப்பில்லாத சூப். ஓபோ வாசிக்கும் மதாம் லிசார் பையிலிருந்து பின்னல் ஊசிகளை எடுத்தார். “என் பேரனுக்குக் காலுறை முடிச்சிடலாம், முசியே. ரொம்ப நன்றி.”

“இதுவும் பிரதி தப்பா?” என்றார் பொர்த்தால்.

முசியே தாளம் காட்டும் குச்சியைக் கீழே வைத்தார். திரும்பி, பின்வரிசையைப் பார்த்தார். நான் தலை குனியவில்லை.

26 மார்ச்

முசியே ஆறு மாடி ஏறி என் அறைக்கு வந்தார், மூச்சிரைக்க, கையில் கேக் பெட்டியோடு. இருந்த ஒரே நாற்காலியில் அவர், கட்டிலில் நான்.

“மானத்த வாங்கிட்டியேம்மா.”

“நீங்க எழுதினதைத்தான் எழுதினேன்.”

“தெரியும். அதான் வலிக்குது.” தொப்பியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். “ஊமைப் படம் ஓடின காலத்துல, திரைக்குக் கீழ உக்காந்து வயலின் வாசிச்சு வந்தவன் நான். வாத்தியம் பிரிச்சு எழுத யாரும் சொல்லித் தரல. அத்தனை பேர் முன்னாடி ‘எனக்குத் தெரியாது’ன்னு எப்படிச் சொல்வேன்?”

இரக்கம் வந்தது. கோபம் போகவில்லை.

சம்பளத்தைக் கூட்டுகிறேன் என்றார். தட்டின் உறையில் சின்ன எழுத்தில் என் பெயர் என்றார். குதிரையை ஒழுங்காக எழுதித் தருகிறேன், பொர்த்தாலின் தாளில் அந்தப் பென்சில் கோட்டையும் நானே அழித்துவிடுகிறேன் என்றேன். அவர் அவசரமாகத் தலையாட்டினார். கதவைத் திறந்துவிட்டேன். இரண்டு படி இறங்கியிருப்பார், அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

“முசியே, செவ்வாய்க்கிழமை ஒலிப்பதிவுக்கு எல்லாரும் உக்காந்த பிறகு, வாசிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, அந்த ஹார்ன் சுரம் தப்பில்லைன்னு நீங்களே அவங்ககிட்ட சொல்லணும்.”