மறுபக்கமும் செய்ய வேண்டும்

புலிலேகா, லம்பாசா, பிஜி
14 மார்ச் 1988

அன்புள்ள ரஞ்சீதா,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். அங்கே நீங்களும் குளிருக்குப் பழகியிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீ போனதிலிருந்து எனக்குப் பேச ஆள் இல்லை. முன்பு மட்டும் நான் என்ன பேசிவிட்டேன் என்று நீ கேட்பாய். பேசாமல் உட்கார்ந்திருக்கவாவது பக்கத்தில் ஒருத்தி இருந்தாள்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். ஆட்சியைப் பிடித்த பட்டாளம் ரோட்டில் நிற்கிறது, வயதுப் பெண்ணை பஸ்ஸில் அனுப்ப முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். கணக்கு வாத்தியாரும் கனடாவுக்குப் போய்விட்டார். x பாடத்தைத் தொடங்கிய வாரத்திலேயே போய்விட்டார். 4x + 3 = 23 என்று போர்டில் எழுதியது அப்படியே இருந்தது. யாரும் அழிக்கவில்லை. அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நீ எனக்குச் சொல்லிக்கொடு. பிஜேந்திரா அண்ணன் கேலி செய்கிறான்: “எக்ஸக் கண்டுபுடிச்சா மில்லுல கரும்பு டன்னுக்குக் கூடக் குடுப்பானா?”

வெள்ளிக்கிழமைகளில் உங்கள் வாசலைப் பெருக்குகிறேன். சாவி என் கழுத்துக் கயிற்றில் இருக்கிறது. உள்ளே போகவில்லை. ஜான்கி அத்தை எப்படி இருக்கிறார்கள்? கிளம்பும்போது சாவியைக் கொடுத்துவிட்டு ஏதோ சொல்ல வந்தார்கள். அதற்குள் டாக்சிக்காரன் ஹாரன் அடித்துவிட்டான்.

தமிழிலேயே பதில் எழுது. கோயில் பள்ளியில் படித்தது நம் இருவருக்கும்தான் மறக்கவில்லை. அண்ணனால் பிரித்தாலும் படிக்க முடியாது.

உன்
வினீதா

ஆக்லாந்து
2 ஏப்ரல் 1988

என் வினீதாவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. விமானம் ஏறிய நாளிலிருந்து அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஊட்டினால் சாப்பிடுகிறாள். டாக்டர் போகப்போகச் சரியாகும் என்கிறார். அப்பாவோ, நாம் அவள் உடம்பைத்தான் கூட்டிக்கொண்டு வந்தோம் என்கிறார். அவருக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது.

உன் கணக்குக்கு வருகிறேன். x என்பது உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு எண். அதை முதலில் நாலால் பெருக்கினார்கள், பிறகு மூன்றைக் கூட்டினார்கள். வெளியே கொண்டுவர, கடைசியில் செய்ததை முதலில் எடுக்க வேண்டும். கூட்டியதற்குக் கழித்தல், பெருக்கியதற்கு வகுத்தல். மூன்றைக் கழித்தால் இருபது. நாலால் வகுத்தால் ஐந்து. ஆனால் ஒரு பக்கத்தில் எதைச் செய்தாலும் மறுபக்கத்திலும் அதையே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சமன் கெட்டுவிடும். கடைசியில் ஒரு பக்கத்தில் x தனியாக நிற்கும். அதற்குத்தான் இத்தனை பாடும்.

புரியவில்லை என்றால் நாங்கள் கிளம்பிய காலையை நினைத்துப்பார். அம்மா முதலில் அம்மன் விளக்கை மலர்த்தினாள் (அணைத்தாள் என்று சொல்லக்கூடாதாம்). பிறகு கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள், ஆள் இல்லாத வீட்டில் கண்ணாடி ஆளைத் தேடும் என்பாள். பிறகு ஜன்னல்களைச் சாத்தினாள். கடைசியில் பூட்டினாள். திரும்பி வருவதாக இருந்தால் பூட்டில்தானே தொடங்க வேண்டும்?

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
ரஞ்சீதா

புலிலேகா
25 ஏப்ரல் 1988

அன்புள்ள ரஞ்சீ,

கணக்கு புரிந்துவிட்டது. வேறு கணக்குகளும் நானே போட்டுப் போட்டுப் பார்க்கிறேன். நீ சொன்ன இன்னொன்றும் மனதை விட்டுப் போகவில்லை.

உங்கள் வீட்டைத் திறந்தேன். கோபித்துக்கொள்ளாதே. அத்தை பேசாமல் இருக்கிறார்கள் என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. செய்ததைப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டே வந்தால் உள்ளே இருப்பது வெளியே வரும் என்றால், அத்தைக்கும் ஏன் வரக்கூடாது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். பட்டாளம் போட்ட சட்டத்தால் ஞாயிறன்று பஸ் இல்லை, கடை இல்லை, யாரும் கொல்லையில் வேலை செய்வதில்லை. கரும்பு மட்டும் அசைகிறது. பூட்டைத் திறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு போனபோது கதவு நான் விட்ட மாதிரியே இருந்தது. ஜன்னல்களைத் திறந்தேன். மாதக்கணக்கில் ஆள் புழங்காத வீடு, உள்ளே தூசி வாசனைதான் இருக்க வேண்டும். கருவேப்பிலை தாளித்த வாசனை இருந்தது.

அங்கே ஏதாவது தெரிந்ததா?

வினீதா

ஆக்லாந்து
14 மே 1988

வினீதா,

நான் உனக்கு எழுத நினைத்து, பைத்தியம் என்பாய் என்று விட்டுவிட்டதை நீ எழுதியிருக்கிறாய்.

ஒரு ஞாயிறு மத்தியானம் எங்கள் வாசல் கதவு தானாகத் திறந்துகொண்டது. பூட்டை அப்பா சோதித்தார், பழுது இல்லை. அடுத்த ஞாயிறு நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எல்லா ஜன்னல்களும் திறந்தன. இந்த ஊர்க் குளிரில் யாரும் ஜன்னலைத் திறக்கமாட்டார்கள். நாங்கள் ஓடி ஓடிச் சாத்தினோம். அப்போது அம்மா தலையைத் திருப்பிப் பார்த்து, “காத்து வரட்டும்” என்றாள். எத்தனை மாதம் கழித்து அவள் குரலைக் கேட்கிறேன் தெரியுமா? அப்பா தட்டை வைத்துவிட்டு அழுதுவிட்டார்.

நிறுத்தாதே. கண்ணாடியைத் திருப்பு. விளக்கை ஏற்று. வரிசை மாறக்கூடாது. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

ரஞ்சீதா

புலிலேகா
6 ஜூன் 1988

அன்புள்ள ரஞ்சீ,

அத்தை வந்துவிட்டார்கள்.

கண்ணாடியைத் திருப்பியபோது அதில் என்னைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு எனக்குப் பின்னால் சமையல்கட்டு வாசலில் சேலை முந்தானை போவது தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. நேற்று விளக்கை ஏற்றினேன். ஏற்றிவிட்டு நிமிர்ந்தால் அத்தை மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். “எண்ணெ கம்மியா ஊத்தியிருக்கிறியேடி” என்றார்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் ரொட்டி சூடாக இருந்தது ரஞ்சீ, நான் சாப்பிட்டேன்.

என்னிடம் நிறையப் பேசினார்கள். என்னோடு யாரும் அவ்வளவு பேசியதில்லை. நீங்கள் எல்லாரும் எங்கே என்று கேட்டார்கள். பின்னால் வருகிறார்கள் என்று சொன்னேன். அத்தை தனியாகத்தான் வந்திருக்கிறார்கள். நீங்களும் வருவீர்கள் அல்லவா? அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். பூட்டிய வீட்டின் முன்னால் எதற்கு நிற்கிறாய் என்று என் தலையில் குட்டிவிட்டுப் போனான். கதவு விரியத் திறந்திருந்தது.

வினீதா

ஆக்லாந்து
20 ஜூன் 1988

வினீதா,

நீ விளக்கேற்றிய அந்த மத்தியானம் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். சிரித்தாள். “அப்ப நான் வரேன்” என்று சொல்லிவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மூச்சு வருகிறது, கை சூடாக இருக்கிறது. உள்ளே ஆள் இல்லை. ஏன் என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது. x தனியாக நிற்கும் என்று உனக்கு எழுதியதே நான்தான். அப்போது மறுபக்கத்தில் என்ன மிஞ்சும் என்று நினைத்துப்பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் திரும்பச் செய். அம்மா செய்த வரிசையிலேயே செய். விளக்கு, கண்ணாடி, ஜன்னல், பூட்டு. அவள் அழுதாலும் செய். எனக்கு என் அம்மா வேண்டும்.

ரஞ்சீதா

புலிலேகா
9 ஜூலை 1988

அன்புள்ள ரஞ்சீ,

உன் கடிதத்தை அத்தையிடம் படித்துக் காட்டினேன். அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு இப்படிச் சொன்னார்கள்: “அன்னிக்கே உங்கிட்ட சொல்ல வந்தேன், ஹாரன் அடிச்சிட்டான். வெளக்க மலர்த்திட்டு வீட்ட வெறும் வீடா பூட்டக்கூடாதுடி. யாராவது உள்ள இருக்கணும். அதான் என்னெ விட்டுட்டுப் போனேன்.”

விளக்கை மலர்த்திவிட்டேன். கண்ணாடியைத் திருப்பிவிட்டேன். ஜன்னல்களையும் சாத்திவிட்டேன். ஒவ்வொன்றாகச் செய்யும்போது அத்தையின் முகம் மங்கிக்கொண்டே வந்தது. பூட்டு ஒன்றுதான் பாக்கி. இப்படியே பூட்டினால் அத்தை பழையபடி பாதி இங்கே, பாதி அங்கே என்றுதான் இருப்பார்கள். உனக்கு முழு அம்மா வேண்டும்.

யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நாளை ஞாயிறு. சாவியை அத்தையின் கையில் கொடுத்துவிட்டு வெளியே அனுப்பப் போகிறேன். இந்தக் கடிதத்தை இன்றே பெட்டியில் போட்டுவிடுகிறேன். நாளைக்கு முடியாது.

விடையை முதல் வரியில் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று வாத்தியார் சொல்வார். அதை நீ செய்.

வினீதா

ஆக்லாந்து
2 ஆகஸ்ட் 1988

வினீதா,

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். நீ எழுதிய அந்த ஞாயிறு மத்தியானமே கண் திறந்தாள். சாப்பிடுகிறாள், அப்பாவைத் திட்டுகிறாள், பக்கத்து வீட்டுக்காரியோடு உடைந்த இங்கிலீஷில் பேசுகிறாள். இப்படி முழுசாக அம்மாவைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது.

உன் அப்பாவின் கடிதம் இன்று வந்தது. நீ எங்களிடம் வந்துவிட்டாயா என்று கேட்டிருக்கிறார். லம்பாசா முழுவதும் தேடிவிட்டார்களாம். எங்கள் வீட்டைப் பார்த்தீர்களா என்று என் அப்பா அவருக்குப் போன் செய்து கேட்டார். அது பூட்டியே கிடக்கிறது, சாவியையும் காணோம், ஆனால் வாசல் மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் பெருக்கியிருக்கிறது என்று சொன்னாராம்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்த அன்று அம்மா மூடிய கையைப் பிரித்தாள். உள்ளே சாவி இருந்தது, உன் கழுத்துக் கயிற்றோடு. “அந்தப் பொண்ணு, நான் இருக்கேன் நீ போ அத்தேன்னா” என்றாள்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். சாவியை உன் அப்பாவுக்கு அனுப்ப வேண்டும். பூட்டில் தொடங்கச் சொல்ல வேண்டும். அங்கே பூட்டு திறந்தால் இங்கே எங்கள் கதவும் திறக்கும்.

இதை எழுதும்போது அம்மா எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டாள். உனக்கு என்றேன். பட்டாணியைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் கைப்பையை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வேண்டாம் அம்மா, இங்கே வா என்று கூப்பிட்டேன். வந்துவிட்டாள்.

முகவரியில் எங்கள் வீட்டைத்தான் எழுதியிருக்கிறேன். தபால்காரர் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார். உனக்குக் கிடைத்துவிடும். சாவி மேசைமேல் இருக்கிறது. உறையில் கடிதத்தை மட்டும் வைத்து ஒட்டிவிட்டேன்.

ரஞ்சீதா