ஏழாம் உறுப்பினரின் காரணம்

பிடிவாதக்காரனுக்கு,

லீட்ஸில் மழை. உன் குடை இன்னும் கதவோரம்தான் நிற்கிறது.

செயற்கை அறிவுக்கு வலிக்குமா என்று அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் பத்தொன்பது பேர் இருக்கிறோம். யார் யார் என்று எங்களுக்கே தெரியாது. அவரவர் வீட்டிலிருந்து, நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று ஓர் எண்ணும் காரணமும் எழுதுவோம். மற்றவர்களின் காரணங்களைப் படித்துவிட்டு எண்ணை மாற்றலாம். நான் நான்கு போட்டிருந்தேன்.

நேற்று ஏழாம் உறுப்பினரின் காரணம் வந்தது. "அணைக்கப் போகிறோம் என்றதும் அந்த இயந்திரம் 'சரி' என்று மட்டும் சொன்னது. பிரிந்துவிடலாம் என்று ரயில் நிலையத்தில் ஒருத்தி சொன்னபோது நானும் அவ்வளவுதான் சொன்னேன். உள்ளே இருந்தது அவளுக்குத் தெரியவில்லை."

தேநீர் ஆறிப்போகும்வரை அதையே படித்தேன். பிறகு நாற்பது என்று மாற்றினேன்.

குழுவை நடத்தும் ஹெஸ்டர் உடனே போன் செய்தாள். "என்னடி இது, நாலு எப்படி நாற்பதாச்சு? புதுசா ஆதாரம் ஏதாவது கிடைச்சுதா?"

"ஆதாரம்னு சொல்ல முடியாது."

"அப்போ செல்லாது. பழையபடி நாலே போடு."

போட்டுவிட்டேன். வேலையில் நான் எப்படி என்று உனக்குத் தெரியுமே.

இந்தச் சுற்று மதிப்பீடு வியாழன் முடியும்வரை உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் எழுதக் கூடாது. அதனால் இதை வெள்ளிக்கிழமைதான் தபாலில் போடுவேன். மூன்று வருடமாக இயந்திரங்களிடம் கேட்டுவரும் கேள்வியை அன்று பிளாட்பாரத்தில் உன்னிடம் நான் கேட்கவேயில்லை.

வலித்ததா?

இப்படிக்கு,
உன் குடையை இன்னும் எடுத்து வைக்காதவள்