பெட்டிகளா, நீங்களா

செம்பூர், பம்பாய்
7 ஜூலை 2025

அன்புள்ள அத்தானுக்கு,

உமா எழுதுவது. நான் சுகம். நீங்களும் ஜெயினுலாப்தீன் அண்ணன் அறையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் சண்டையில் போய் முடிகிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கேசட் பெட்டிகளை விற்கப் போகிறேன். எதிர்வீட்டு அஃப்ஷா போட்டோ பிடித்து, பழைய சாமான் விற்கிற ஆப்பில் போட்டுவிட்டாள். ஹாலில் கால் வைக்க இடமில்லை. ஒழுகிய சுவரைப் பார்க்க வந்த பெயிண்டர், "பெஹ்லே யே ஹடாவ், பாபி" என்று, முதலில் இவற்றை அகற்றச் சொல்லிப் பெட்டிகளைக் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

ஒரே ஒரு குழப்பம். கல்யாணம் ஆனதும் உங்கள் கேசட்டையும் என் கேசட்டையும் சேர்த்து அடுக்கி, இரண்டிரண்டாக இருந்ததில் ஒன்றைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தோமே. மிஞ்சியது யாருடையது? உங்களுடையது எதுவென்று எழுதினால் எடுத்து வைக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உமாமகேஸ்வரி

*

சுனாபட்டி
11 ஜூலை 2025

அன்புள்ள உமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எது யாருடையது என்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? கொடுத்தது உன்னுடையதா, வைத்துக்கொண்டது என்னுடையதா என்று அப்போது யார் பார்த்தோம்? பிரிக்க வேண்டிவரும் என்று நினைத்தா அடுக்கினோம்?

அலமாரியில் என் சட்டைகளும் கிடக்கின்றன. அவற்றையும் போட்டோ பிடித்துப் போட்டுவிடச் சொல். ஆளே போன பிறகு பொருள் எதற்கு என்று நினைக்கிறாய், அப்படித்தானே? வருத்தமாக இருக்கிறது உமா. நாதஸ்வரக் கேசட் பெட்டியையாவது கடைசியாக விற்கக் கூடாதா?

ராஜகுமார்

*

செம்பூர்
16 ஜூலை 2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களுக்கு எப்படித்தான் எல்லாம் தலைகீழாகப் புரிகிறதோ. அன்றைக்கு நான் என்ன சொன்னேன்? "ஒண்ணு இந்தப் பொட்டிக போவணும், இல்ல நீங்க போவணும்." பெட்டி போகும் என்று நினைத்துத்தான் சொன்னேன். நீங்கள் வாசல் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். இப்போது பெட்டியை அனுப்பினால் அதற்கும் வருத்தமா?

போகட்டும், நீங்கள் ஆடுகிற நாடகம் எனக்குத் தெரியாதென்று நினைக்க வேண்டாம். ஆப்பில் ஒரு ஆள் நாதஸ்வரம் மட்டும் போதும் என்கிறார். பெயர் இல்லை, ரயில் படம்தான் இருக்கிறது. சுனாபட்டி ஸ்டேஷன் பக்கத்தில் ஏதோ கடை முகவரி. "பென்சில் விட்டால் சுற்றுகிறதா?" என்று கேசட் கேசட்டாகக் கேட்கிறார். அப்படிக் கேட்கிற ஆள் இந்த பம்பாயில் வேறு யார்?

ரொம்பச் சிரித்தேன் அத்தான். மற்ற பெட்டிகளை முன்பே விற்றாயிற்று, இந்தப் பெட்டியையும் அனுப்பிவிட்டேன். ஒரு கேசட் கூட்டுக்குள், நீங்கள் ஆணியில் விட்டுப்போன சாவியையும் வைத்திருக்கிறேன். இனி நடிக்க வேண்டாம்.

உங்கள் உமா

*

சுனாபட்டி
20 ஜூலை 2025

அன்புள்ள உமாவுக்கு,

நான் எதையும் வாங்கவில்லை. என் போனில் கூப்பிடலாம், கூப்பிட்டால் பேசலாம், அவ்வளவுதான். அந்த ஆப் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

அப்படியானால் சாவி யாரிடம் இருக்கிறது? பார்சலின் மேல் நம் வீட்டு முகவரியை வேறு எழுதியிருப்பாய். உள்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள். அந்தக் கடை முகவரியை உடனே எழுது.

உன்மேல் கோபப்பட வேண்டும் என்று இரண்டு முறை உட்கார்ந்தேன், வரவில்லை. எனக்கென்று நினைத்துத்தானே வைத்தாய்?

ராஜகுமார்

*

செம்பூர்
22 ஜூலை 2025

அத்தானுக்கு,

முகவரி இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. வெட்கத்தில் வேறு எதுவும் எழுத ஓடவில்லை. ஆப்பில் அந்த ஆளிடம் கேட்டேன், பதிலே இல்லை. தாழ்ப்பாள் போட்டுத்தான் படுக்கிறேன்.

உமா

*

சுனாபட்டி
26 ஜூலை 2025

அன்புள்ள உமாவுக்கு,

பயப்படாதே. சாவி என்னிடம் இருக்கிறது.

அந்த ஆள் பெயர் ஜம்பு. இட்லிக்கடை வைத்திருக்கிறார். காலையில் அடுப்புப் பற்றவைக்கும்போது நாதஸ்வரம் ஓட வேண்டுமாம். சாவியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். "அண்ணாச்சி, கேசட்டோட வீட்டையும் சேத்துத் தாராவளோன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன். பதில் போடவும் பயமா இருந்திச்சி" என்றார். கேசட்டைத் திருப்பித் தரவா என்று கேட்டார். ஓடட்டும் என்று சொல்லிவிட்டேன். நம் வீட்டில் கேட்டதைவிட அங்கே நன்றாகத்தான் கேட்கிறது.

சாவியோடு நேற்று வீட்டுக்கு வந்தேன். பெல் அடித்தேன், நீ இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். திறந்திருக்கலாம், திறக்கவில்லை. இது நீ எனக்குத் தந்த சாவியா, இட்லிக்கடைக்காரர் தந்த சாவியா என்று ஒரு தெளிவும் இல்லை. பெட்டிகள் போய்விட்டன என்பது மட்டும் தெரிகிறது. பெட்டி போனால் நான் வரலாம் என்றுதான் நீ சொன்னதாக இப்போது எனக்குப் படுகிறது. அதுவும் தப்பாகப் புரிந்திருந்தால் எழுதிவிடு, சாவியைத் தபாலில் அனுப்பிவிடுகிறேன்.

ராஜகுமார்

*

செம்பூர்
30 ஜூலை 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று பெயிண்டர் வந்து சுவரை முடித்துவிட்டான். பெட்டிகள் இருந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே என்ன வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை, நீங்கள் வந்து பாருங்கள்.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்த மனிதரை நான் என்ன சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்பேன். தாழ்ப்பாள் போட மாட்டேன். பெல் அடித்தால் எழுந்து வந்து திறக்கவும் மாட்டேன்.

உங்கள் உமா