ஒன்பது அவுன்ஸ்

ஏப்ரல் 29, டெஹாச்சபி

இன்று நடை இல்லை. துணி துவைத்தேன், இரண்டு மதியச் சாப்பாடு சாப்பிட்டேன், பையை எடை போட்டேன். இந்த நெடுந்தூர நடைவழியில் எல்லோரும் எனக்கு வைத்திருக்கும் பெயர் அவுன்ஸ். வில்மா என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றுவதில்லை. இருபத்தாறு வருஷம் தபால் பை சுமந்த தோள், இப்போது அரைச் சோப்புக்குக் கணக்குப் பார்க்கிறது. இன்னும் நூற்று நாற்பது மைல் மணல். அப்புறம் மலை.

விடுதி வாசலில் வழக்கமான பெட்டி: வேண்டாததைப் போடு, வேண்டியதை எடு. என் நாய் ரூபனின் மாற்று பூட்ஸ் நான்கையும் அதில் போட்டுவிட்டேன். ஒன்பது அவுன்ஸ் மிச்சம். இதுவரை ஒரு நாள்கூட அது தேவைப்படவில்லை. காலில் இருப்பதே நன்றாக உழைக்கிறது.

சாயங்காலம் டார்லீன் அக்கா போன் செய்தாள். "நாய்க்கு வயசு ஒம்பதுடி. ஒரு கால் நொண்டுச்சுன்னாலும் வந்து ஏத்திட்டுப் போயிருவேன். அப்புறம் அது என் வீட்டு நாய். சம்மதமா?"

சம்மதம் என்றேன். என்ன துணிச்சலோ. நானும் ரூபனும் சேர்ந்து பனியை மிதிக்காமல் வீடு திரும்புவதில்லை என்று சொல்லிக்கொண்டுதான் கிளம்பினேன்.

மே 1

காற்று. நாள் முழுக்கக் காற்று. காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம், எங்களுக்குத் திண்டாட்டம்.

மே 4

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ரூபனின் முன்னங்கால் பூட்ஸ் ஒன்று எங்கேயோ மணலில் கழன்று விழுந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. பதினொரு மணிக்கு அவன் உட்கார்ந்துவிட்டான். பாதத்தைத் தூக்கிப் பார்த்தால் தோல் உரிந்து, உள்ளே சிவப்பாக — மணலில் என் கையை வைத்துப் பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். இதுலயா நடந்து வந்தே? ஒரு சத்தம் போடலியேடா.

ஏன் வில்மா, ஒம்பது அவுன்ஸ் உனக்கு அவ்வளவு பாரமா இருந்துச்சா?

பாதத்தைக் கழுவி, மருந்து போட்டு, என் காலுறையால் கட்டினேன். நடப்பவர்களுக்காகத் தண்ணீர் வைத்திருக்கும் இடத்துக்கு இன்னும் ஏழு மைல். வெயில் தாழ நான்கு மணி வரை காத்திருந்துவிட்டுப் பையைக் கவிழ்த்தேன். கூடாரம், அடுப்பு, பாத்திரம், தூங்கும் பை எல்லாவற்றையும் ஒரு ஜோஷுவா மரத்தடியில் அடுக்கிச் சீட்டு எழுதி வைத்தேன்: "நாயைச் சுமக்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அவுன்ஸ்."

தண்ணீர், சாப்பாடு, மருந்து, இந்த நோட்டு. இவற்றோடு பைக்குள் ரூபன், முப்பத்தெட்டு பவுண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அவன் தாடையை என் தோளில் வைத்துக்கொண்டான். எச்சில் கழுத்து வழியாக முதுகுவரை போனது. மூன்றாவது மைலில் அழுதேன். ஆறாவது மைலில் பாடினேன். இரண்டையும் பொறுத்துக்கொண்டான். வந்து சேர்ந்துவிட்டோம். இப்போது அவன்தான் எனக்குப் போர்வை.

மே 5, பேர்ட் ஸ்பிரிங் கணவாய்

விடியற்காலையில் இந்த வழியாகப் போன ஒருவரின் செயற்கைக்கோள் கருவியில் அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். பத்து மணிக்கு மண்பாதையில் அவள் வண்டி வந்து நின்றது. இறங்கினாள், ரூபன் காலைப் பார்த்தாள். வாயைத் திறப்பதற்குள் ஊறுகாய் வந்து சேர்ந்தார்.

ஊறுகாய் என்பது வழியில் அவருக்கு வைத்த பெயர். ஓய்வுபெற்ற பல் டாக்டர். எடையைக் குறைக்கத் தன் பல் பிரஷ்ஷையே விரல் நீளத்துக்கு அறுத்துக்கொண்டவர். அவர் முதுகில் என் கூடாரம்.

"என்னோடத விட ஒன்றரை பவுண்டு கூட, அவுன்ஸ். உங்க பேருக்கே இது அசிங்கம்" என்றார்.

அவருக்குப் பின்னால் ஒரு பெண் அடுப்பும் பாத்திரமுமாக வந்தாள். அதற்குப் பின்னால் வந்தவன் என் தூங்கும் பையைக் கழுத்தில் மாலையாகப் போட்டிருந்தான்.

ஊறுகாய் ரூபன் பாதத்தைப் பார்த்தார். மெதுவாகத் தன் பையைத் துழாவி ஒரு சிறிய பூட்ஸை எடுத்து, அதற்குள்ளிருந்த மூக்குக்கண்ணாடியை உருவினார்.

"டெஹாச்சபி பெட்டில கெடந்துச்சு. கண்ணாடி உறைன்னு நெனச்சேன்."

"மிச்சம் மூணு?"

"ஒண்ணுல உப்பு. ரெண்டு, சூடான பாத்திரம் பிடிக்க."

நான்கையும் கொடுத்துவிட்டார். உப்பைச் சட்டைப் பையில் கொட்டிக்கொண்டார்.

அக்கா என்னை ஓரமாக இழுத்தாள். "யாருடி இவங்கெல்லாம்?"

"வழியில பாத்தவங்க. எடை கொறைக்கப் பல் பிரஷ்ஷையே அறுக்குறவங்க."

"ஒரு பிரஷ்ஷ முழுசா தூக்க மாட்டாங்களாம். உன் வீட்டையே தூக்கிட்டு வந்திருக்காங்க." வண்டிக் கதவைத் திறந்தாள். "இருந்தாலும் பேச்சு பேச்சுதான். நாய ஏத்து."

ஏற்றினேன். நானும் ஏறினேன்.

மே 9, பேக்கர்ஸ்ஃபீல்ட், அக்கா வீடு

பாதத்தோல் வளர்ந்துவிடும், பத்து நாள் நடக்கக் கூடாது என்று வந்த அன்றே கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா அவனுக்குக் கோழி வேகவைத்துப் போடுகிறாள். புதுக் கழுத்துப்பட்டை வேறு வாங்கியிருக்கிறாள். கொடுத்த வாக்கைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் எழவில்லை.

மே 16

பையைக் காலியாகக் கூடத்தில் விரித்து வைத்திருந்தேன். ரூபன் வந்தான். உள்ளே ஏறி உட்கார்ந்தான். தாடையை விளிம்பில் வைத்து என்னைப் பார்த்தான், எப்போது தூக்குவாய் என்று.

அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நல்ல கழுதையாப் பழக்கி வெச்சிருக்கான்டி உன்னைய."

பிறகு அவளே அவனைத் தெருவுக்குக் கூட்டிப்போனாள். அரை மணி கழித்து மூச்சிரைக்க வந்தாள்.

"நொண்டல. அணிலத் தொரத்துறான், நான்தான் நொண்டுறேன். நாளைக்கு எடுத்த எடத்துலயே கொண்டுபோய் விடறேன். தொலஞ்ச ஒண்ணுக்குப் புதுசு வாங்கிட்டேன், ரெண்டு செட்டு பூட்ஸும் பையில இருக்கணும். நான் பாத்துட்டுத்தான் விடுவேன்."

அவளைக் கட்டிப்பிடித்தேன். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது.

மே 22, கென்னடி மெடோஸ்

எழுநூறு மைல். பாலைவனம் முடிந்தது!

நடந்து வருகிறவர்களைப் பார்த்ததும் இங்குள்ள கடையின் மரத்தளத்தில் இருப்பவர்கள் எழுந்து கைதட்டுவார்கள். பலர் கையில் பர்கர் இருக்கும், அதோடு தட்டுவார்கள். இன்று தட்டியது எனக்கில்லை. எல்லோரும் குனிந்து ரூபனைப் பார்த்துத் தட்டினார்கள். அவன் பயந்து என் கால்களுக்கு நடுவே ஒளிந்தான். "கழுதை வந்துட்டாங்கப்பா" என்று யாரோ கத்தினார்கள். அக்கா எங்களை இறக்கிவிட்டபோது அங்கிருந்தவர்களிடம் சொன்ன பெயர், எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கிறது. ஊறுகாய் எப்போதோ தாண்டிப் போய்விட்டார், கதையை மட்டும் விட்டுப் போயிருக்கிறார். அவர் கதையில் நான் சுமந்தது இருபது மைல். நான் திருத்தவில்லை.

நடப்பவர்கள் பெயர் எழுதும் கடைப் பதிவேட்டில் அவுன்ஸ் என்று எழுத ஆரம்பித்து, அடித்துவிட்டுக் கழுதை என்று எழுதினேன். பக்கத்தில் ரூபன்.

மே 27, காட்டன்வுட் கணவாய்க்குக் கீழே

இதற்கு மேல் தேசியப் பூங்கா, நாய்க்கு அனுமதி இல்லை. இவ்வளவுதான் எங்கள் வழி, முதலிலிருந்தே இவ்வளவுதான். அக்கா கீழே வண்டியோடு நிற்கிறாள்.

மரங்களுக்கு நடுவே பனி முழங்கால் ஆழம். ரூபனின் பூட்ஸைக் கழற்றிவிட்டேன். மோந்து பார்த்தான், தும்மினான், ஒரு கால் வைத்தான், நான்கும் வைத்தான். அப்புறம் மல்லாந்து விழுந்து புரள ஆரம்பித்தவன் இன்னும் நிறுத்தவில்லை. நானும் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்கினேன். மிதித்துவிட்டோம்.

அவனுடைய எட்டு பூட்ஸும் என் பையில் இருக்கின்றன. எடை பார்க்கவில்லை.